பழைய சன் ஒர்க்ஸ்டேஷனுக்குக் 'கீபோர்டு கன்வர்ட்டர்' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரியில் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கடை 'சன் மெஷினுக்கு பிஎஸ்/2 கீபோர்டு கன்வர்ட்டர்' என்று 3,500 ரூபாய்க்கு ஒன்றை விற்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் பழைய ஒர்க்ஸ்டேஷனில் பிஎஸ்/2 கீபோர்டை, அதாவது 6 பின் வட்ட பிளக் உள்ள பழைய பிசி கீபோர்டை, மாட்டுவதற்கு என்று பெயர். ஓசூரில் ஒரு டூல்ரூமுக்குப் போன அந்தப் பொருளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சிப் இல்லை, போர்டு இல்லை. ஒரு பக்கம் 6 பின் சாக்கெட், மறு பக்கம் 8 பின் பிளக், நடுவில் வெறும் ஒயர். அதுவும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று எண் வரிசைப்படி சால்டர் செய்தது. அதைச் செருகி ஆன் செய்த சன் அல்ட்ரா 10-இன் கீபோர்டு போர்ட் அன்றே செத்தது. கடைக்குத் திருப்பிக் கொண்டு போனால், "உங்க மெஷின் போர்டுதான் சார் போயிருக்கு, சர்வீஸுக்குக் கொடுங்க, பார்த்துச் சொல்றோம்" என்ற பதில். பணம் வாபஸ் இல்லை. பில்லில் எழுதியிருந்தது 'கேபிள் 1' என்று மட்டும்.

போர்ட் செத்த காரணம் மர்மம் இல்லை. பிஎஸ்/2-வில் 1-ஆம் பின் டேட்டா, 3 கிரவுண்டு, 4 பிளஸ் 5 வோல்ட், 5 கிளாக். 2-உம் 6-உம் காலி. சன் மெஷினின் 8 பின் மினி டின்னில் (சிறிய வட்ட சாக்கெட்டில்) 1-உம் 2-உம் கிரவுண்டு, 3-உம் 8-உம் பிளஸ் 5 வோல்ட், 4 மவுஸ், 5-உம் 6-உம் கீபோர்டுக்குப் போகும், வரும் சிக்னல். எண்ணுக்கு எண் சேர்த்தால் கீபோர்டின் கிரவுண்டு ஒயரில் சன்னின் 5 வோல்ட் ஏறும். பல பிஎஸ்/2 கீபோர்டுகளில் கேபிளின் மேல் உள்ள ஷீல்டும் அதே கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். அந்த ஷீல்டு பிளக்கின் உலோக உறை வழியாக மெஷினின் சேசிஸை (உலோகக் கூட்டை) தொட்டதும் 5 வோல்ட் நேரே ஷார்ட். கீபோர்டு லைனுக்கு என்று போர்டில் இருக்கும் பாதுகாப்பு ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும். போனது அந்த ஃப்யூஸ் மட்டும் என்றால் அதிர்ஷ்டம்.

ஒயரைச் சரியான பின்னுக்கு மாற்றிப் போட்டிருந்தாலும் இது வேலை செய்திருக்காது. பிஎஸ்/2 கீபோர்டு, கிளாக் ஒரு ஒயரிலும் டேட்டா ஒரு ஒயரிலுமாக ஒவ்வொரு கீயின் எண்ணையும் (ஸ்கேன் கோடு) 11 பிட்டாக அனுப்பும். கிளாக் வேகம் 10 முதல் 16.7 கிலோஹெர்ட்ஸ். சன் டைப் 4, டைப் 5 கீபோர்டுகளில் கிளாக்கே கிடையாது. 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்) வேகத்தில் ஓடும் சாதாரண சீரியல் லைன்தான். போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர், 8 பிட், பாரிட்டி இல்லை, சிக்னல் மட்டும் தலைகீழ். மெஷின் ஆன் ஆகும்போது கீபோர்டுக்கு 1 என்ற ரீசெட் கட்டளை போகும். கீபோர்டு 255, 4 என்று பதில் சொல்லி, எந்தக் கட்டையும் (கீயும்) அழுத்தப்படவில்லை என்பதற்கு 127 அனுப்ப வேண்டும். டைப் 5 கீபோர்டும் 4 என்றுதான் சொல்லும். அந்தப் பதில் வராவிட்டால் சன்னைப் பொறுத்தவரை அங்கே கீபோர்டே இல்லை. இந்தப் பதிலைச் சொல்ல ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வேண்டும், ஒயரால் ஆகாது.

"ரவுண்டு பின் தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று கடைக்காரர்கள் சொல்வது எல்லா நேரமும் பொய் சொல்லும் எண்ணத்தில் அல்ல. பிசி உலகில் வெறும் ஒயர் அடாப்டர் உண்மையிலேயே ஓடும். பழைய 5 பின் ஏடி கீபோர்டும் பிஎஸ்/2-வும் ஒரே சிக்னல். பிளக் வடிவம்தான் வேறு. ஊதா, பச்சை நிறத்தில் வரும் யூஎஸ்பி–பிஎஸ்/2 அடாப்டர் மூக்கிலும் வெறும் ஒயர்தான். யூஎஸ்பி, பிஎஸ்/2 இரண்டு முறையும் தெரிந்த கீபோர்டு அதில் மாட்டினால் ஓடும், இப்போது வரும் பெரும்பாலான யூஎஸ்பி கீபோர்டுகள் ஓடாது. அந்தப் பழக்கத்தில் சன்னுக்கும் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். தெரியாமல் விற்றதை மன்னிக்கலாம். மெஷினைக் கெடுத்த பிறகு அதே மெஷினுக்கு சர்வீஸ் சார்ஜ் கேட்பதை என்ன சொல்வது?

இன்னொரு ரகம் ஆன்லைனில் வருகிறது. உள்ளே போர்டு இருக்கும், சிப்பும் இருக்கும், 'சன் – யூஎஸ்பி கன்வர்ட்டர்' என்று ஒழுங்காகப் பெயரும் இருக்கும். ஆனால் அது எதிர்த் திசை. சன் கீபோர்டை இன்றைய பிசியில் மாட்டுவதற்கானது. ஏடிமெகா 32யூ4 சிப்பில் டிஎம்கே, கியூஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேர் (சிப்பில் ஏற்றும் மென்பொருள்) போட்டுச் செய்யப்படும் நல்ல பொருள்தான், அதில் குறை இல்லை. ஆனால் அந்தச் சிப்பால் யூஎஸ்பி ஹோஸ்டாக, அதாவது கீபோர்டை மாட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் பக்கமாக, இருக்க முடியாது. யூஎஸ்பி கீபோர்டை அதில் செருகி சன்னுக்கு அனுப்பவே முடியாது. உங்களிடம் மெஷின் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று கேட்காமல் விற்கும் ஆளிடம் வாங்க வேண்டாம்.

கேபிள் விஷயத்திலும் கவனம் தேவை. பழைய மேக் பிரிண்டர் கேபிளிலும் இரு முனையிலும் இதே 8 பின் பிளக் இருக்கும், அழகாகப் பொருந்தும். ஆனால் அது கிராஸ் கேபிள். 3-உம் 5-உம் உள்ளே இடம் மாறியிருக்கும். சன்னில் அப்படி மாறினால் 5 வோல்ட் டேட்டா லைனில் ஏறும்.

வாங்கும் முன் கடையிலேயே செய்ய வேண்டிய சோதனைக்கு 300 ரூபாய் மல்டிமீட்டர் போதும். பீப் மோடில் வைத்து பிஎஸ்/2 சாக்கெட்டின் 3-ஆம் துளையையும் 8 பின் பிளக்கின் 3-ஆம் பின்னையும் தொடுங்கள். பீப் வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து 1-ஆம் துளை (டேட்டா), 5-ஆம் துளை (கிளாக்) இரண்டையும் 8 பின் பக்கத்தின் ஒவ்வொரு பின்னோடும் தொட்டுப் பாருங்கள். இவற்றில் எது நேராகப் பீப் அடித்தாலும் நடுவில் சிப் இல்லை என்று அர்த்தம். கிரவுண்டும் 5 வோல்ட்டும் மட்டும்தான் நேராகப் போகலாம்.

மெஷின் பக்கச் சோதனைக்குக் கீபோர்டே வேண்டாம். கீபோர்டு இல்லாமல் ஆன் செய்தால் சன் தன் செய்திகளை மானிட்டருக்குப் பதில் தானாகவே சீரியல் போர்ட் ஏ-வுக்கு அனுப்பும். அல்ட்ரா 5, அல்ட்ரா 10 இரண்டிலும் ஏ என்பது 25 பின், பி என்பது 9 பின். எனவே 25–9 மாற்றி ஒன்று, நல் மோடம் கேபிள் (போகும், வரும் ஒயர் இடம் மாறிய சீரியல் கேபிள்) ஒன்று, யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வேண்டும். லேப்டாப்பில் சீரியலில் வருவதைக் காட்டும் புட்டி என்ற மென்பொருளைத் திறந்து 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் 1 என்று வையுங்கள். வரும் பேனர் வரியின் (ஆன் ஆனதும் மெஷின் காட்டும் அறிமுக வரியின்) கடைசியில் 'நோ கீபோர்டு' என்று இருக்கும். அப்படி வந்தாலே மெஷினின் போர்டு உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். 'போர்டு போச்சு' என்ற கதை எடுபடாது. இப்போது பவரை அணைத்து, கன்வர்ட்டரைச் செருகி, மறுபடி ஆன் செய்யுங்கள். கன்வர்ட்டர் சரியானது என்றால் பேனர் லேப்டாப்பில் வராமல் மானிட்டருக்குப் போகும், 'கீபோர்டு பிரசன்ட்' என்று காட்டும். லேப்டாப்பில் மறுபடியும் 'நோ கீபோர்டு' வந்தால் கன்வர்ட்டர் டம்மி, அல்லது ஃப்யூஸ் போயிருக்கிறது. எது என்று பார்க்க, சாக்கெட்டின் 1-க்கும் 3-க்கும் நடுவே வோல்ட் அளந்தால் போதும். 5 இருந்தால் ஃப்யூஸ் நலம். பூஜ்யம் என்றால் அதே அளவு ஃப்யூஸ் வாங்கி மாற்றுங்கள். ஒயர் வைத்துப் பிணைக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

ஓடும் மெஷினில் கீபோர்டைப் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் சன் அதை பிரேக் சிக்னலாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தி 'ஓகே' என்ற கட்டளை வரியில் நின்றுவிடும். ஹேங் ஆனது போலத் தெரியும், ஆனால் கீபோர்டைத் திரும்பச் செருகி 'கோ' என்று அடித்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இது தெரியாதவர்களிடம்தான் 'ரிப்பேர்' பில் நீளும்.

சரியான கன்வர்ட்டர் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 5 வோல்ட் ஆர்டுயினோ நானோ ஒன்று, பிஎஸ்/2 சாக்கெட் ஒன்று, 8 பின் மினி டின் பிளக் ஒன்று. கிளாக்கை நானோவின் 2-ஆம் பின்னில், அதாவது இன்டரப்ட் உள்ள பின்னில் கொடுக்க வேண்டும். சன் பக்கம் சாஃப்ட்வேர் சீரியல், 1200 பாட், தலைகீழ் லாஜிக். பவர் சன்னின் 3-ஆம் பின்னிலிருந்தே கிடைக்கும். அது மாட்டியிருக்கும்போது நானோவின் யூஎஸ்பியை லேப்டாப்பில் செருகக் கூடாது. கட்டையை விடும்போது அதன் எண்ணோடு 128 கூட்டி அனுப்ப வேண்டும். யூஎஸ்பி கீபோர்டுதான் வேண்டும் என்றால் ராஸ்பெர்ரி பை பிக்கோ ஹோஸ்டாக ஓடும், ஆனால் அதன் பின்கள் 3.3 வோல்ட், லெவல் ஷிஃப்டர் (வோல்ட் அளவை மாற்றும் சர்க்யூட்) இல்லாமல் சன்னில் கட்டினால் பிக்கோ போகும். யாராவது செய்து விற்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். சன் கீபோர்டின் ஸ்டாப் கட்டையை பிசி கீபோர்டின் எந்தக் கட்டையில் வைத்திருக்கிறீர்கள்? அது இல்லாமல் ஸ்டாப்–ஏ அடித்து 'ஓகே' வரிக்குப் போக முடியாது. மவுஸ் எங்கே போகும்? சன்னில் மவுஸ் தனியாக இல்லை, கீபோர்டு வழியாக அதே 8 பின்னில்தான் வருகிறது. இரண்டுக்கும் பதில் இல்லாதவர் சன் மெஷினைத் தொட்டவர் இல்லை.

மற்ற கம்பெனி மெஷின்களும் இப்படித்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டி, ஓ2, ஆக்டேன் எல்லாம் அசல் பிஎஸ்/2-தான், ஆனால் ஸ்கேன் கோடு செட் 3 (கட்டைகளுக்கான எண் பட்டியலில் மூன்றாவது வகை) கேட்கும். மலிவான கீபோர்டுகளில் செட் 2 மட்டும் இருக்கும். அதே நானோவிலிருந்து 240, 3 என்று அனுப்பி, பிறகு 240, 0 என்று கேட்டு, 3 என்று பதில் வருகிறதா பாருங்கள். 'சரி' என்று பொருள்படும் வெறும் 250 பதிலை நம்பாதீர்கள், சில கீபோர்டுகள் 'சரி' என்று தலையாட்டிவிட்டு மாறாமலே இருக்கும். அதற்கு முந்தைய இண்டிகோவின் சாக்கெட்டும் பார்க்க அச்சு அசல் பிஎஸ்/2 போல இருக்கும், ஆனால் அதில் பிளஸ் 8, மைனஸ் 8 வோல்ட் வருகிறது. பிசி கீபோர்டைச் செருகாதீர்கள். டெக் கம்பெனியின் எல்கே201 கீபோர்டில் டெலிபோன் ரிசீவர் பிளக், 4800 பாட், 12 வோல்ட். 2000-இல் வந்த சன் பிளேடு 100-இல் யூஎஸ்பியே இருக்கிறது. அந்த மெஷின் வைத்திருப்பவரிடம் யாராவது கன்வர்ட்டர் விற்க வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பில் போடும்போது 'கேபிள் 1' என்று எழுத விடாதீர்கள். 'சன் அல்ட்ரா 10-இல் பிஎஸ்/2 கீபோர்டு இயங்குவதற்கான கன்வர்ட்டர்; இயங்காவிட்டால் பணம் வாபஸ்' என்று எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பிரித்த கன்வர்ட்டரின் உட்புறப் படம், பின் எண்களோடு மல்டிமீட்டர் ரீடிங், 'நோ கீபோர்டு' வரி தெரியும் லேப்டாப் திரைப் படம் மூன்றையும் மனுவோடு வையுங்கள். கன்வர்ட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் 'செக் பண்ணித் தர்றோம்' என்பவர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.