பந்தயத்துக்கு ஒரு பழைய மியாட்டா: நான்கு பந்தயம் ஓடிய பிறகு

காரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எஞ்சினில் என்ன வேலை செய்தீர்கள்?" என்பதுதான். சக்தியைக் கூட்ட ஒன்றும் செய்யவில்லை. 1992 மாடல் மஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர். புதிதாக வந்தபோது 116 குதிரைத்திறன். இப்போது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாங்கள் அளந்து பார்த்ததே கிடையாது. எங்கள் காசு முழுக்க எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கும் பிரேக்குக்கும் பேரிங்குக்கும், கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டுக்கும் போனது. அது சரியான முடிவு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். முதல் பந்தயத்தின்போது எனக்கு அது தெரியாது.

ஓடும் பந்தயத்தின் பெயர் '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. பிரான்சின் லெ மான் பந்தயப் பெயரை வைத்து விளையாடிய பெயர்; அமெரிக்காவில் வாங்கி ஏமாந்த காருக்கு லெமன் என்று பெயர். 2006இல் இங்கே கலிபோர்னியாவில் தொடங்கியது. காருக்கு 500 டாலருக்கு மேல் செலவு செய்யக்கூடாது. பாதுகாப்புச் சாமான்கள், பிரேக், டயர், சக்கரம் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. பெயரில் 24 மணி நேரம் இருந்தாலும் பெரும்பாலும் சனியும் ஞாயிறும் பகலில் பிரித்து ஓட்டுவார்கள். யார் அதிகச் சுற்று முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. அதனால் ஒரு சுற்றில் நான்கு விநாடி மிச்சம் பிடிப்பதைவிட, ஓரமாக நிற்காமல் ஓடுவது பத்து மடங்கு முக்கியம். ஏதாவது சரிசெய்ய அரை மணி நேரம் நின்றால் பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று போய்விடும்.

எங்கள் அணியில் நான்கு பேர். நான், என் மச்சினன், அலுவலக நண்பர் ஒருவர், வெல்டிங் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர். 2017இல் கிழிந்த துணிக் கூரையோடு 1,500 டாலருக்கு இந்தக் காரை வாங்கினோம். சீட், கதவு உறை, கார்பெட், ரேடியோ, கூரைச் சட்டம் என்று கழற்றியதை எல்லாம் விற்றோம். விற்ற காசைக் காரின் விலையில் கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பந்தயத்துக்கு முந்தின நாள் நடுவர்கள் காரைச் சுற்றி வந்து விலையை விசாரிப்பார்கள். கூடுதலாகச் செலவழித்ததாக நினைத்தால் தண்டனைச் சுற்றுகள் போடுவார்கள். நாங்கள் விற்ற ரசீதுகளை ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருந்தோம். நீங்களும் வையுங்கள்.

ஏன் மியாட்டா? எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பின்சக்கர ஓட்டம். நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடிக்கும் சஸ்பென்ஷன். எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் பெட்ரோலும் மற்றவர்களைவிட மெதுவாகத் தீரும். முதலில் போர்ஷே 944 ஒன்றும் பார்த்தோம். மனசை இழுக்கும் கார்தான். ஆனால் அதில் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடித்து வளைத்துவிடும். மியாட்டாவின் 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு தப்பிக்கும்; புது பெல்ட் போட்டு ஓட்டலாம். கோவையில் லேத் பட்டறை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். எது உடைந்தால் எவ்வளவு நேரத்தில் சரிசெய்ய முடியும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இப்போது தண்ணீர். இதைப் பற்றி நீளமாகச் சொல்லியே ஆகவேண்டும்.

இந்த எஞ்சின் குடும்பம் மஸ்டா 323 போன்ற முன்சக்கர ஓட்டக் கார்களில் குறுக்கே படுக்கவைக்கப் பிறந்தது. அங்கே தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, எஞ்சின் முழுக்க ஓடி, மறுமுனையில் வெளியேறும். மியாட்டாவில் நெடுக்காக வைத்தபோது தெர்மோஸ்டாட்டையும் (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) வெளியேறும் வழியையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பம்பும் முன்னால்தான். நுழைந்த பக்கமே தண்ணீர் திரும்பிவிடுவதால் கடைசியில் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் போய்ச்சேரும் தண்ணீர் குறைவு. தினமும் ஆபீஸ் போகிற காருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து மிதித்தால் ஆகும்.

முதல் பந்தயம் தண்டர்ஹில்லில். வில்லோஸ் ஊருக்கு அருகே, சுற்று ஒன்றுக்கு 3 மைல், 15 வளைவு. வெயில் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் காற்றே அடுப்பிலிருந்து வருவது போல இருக்கும். விலை குறைவு என்று இணையத்தில் பெயர் தெரியாத ஓர் அலுமினிய ரேடியேட்டரை வாங்கிப் போட்டிருந்தோம். இரண்டாவது மணி நேரத்தில் அதன் மூலையில் வெல்டிங் விட்டுவிட்டது. தண்ணீர் முழுவதும் இறங்கிவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். டேஷ்போர்டில் சூட்டு முள் நடுவிலேயே நின்றது. ஆவி வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய், அன்றைய பந்தயம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மச்சினன் அதற்கென்றே ஊரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான்; ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதில் கற்றது இரண்டு. ஒன்று, காரோடு வந்த சூட்டு முள்ளை நம்பக்கூடாது. சூடு பெரிய இடைவெளியில் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்பது போலத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். தனியாக ஒரு மீட்டர் வேண்டும். இரண்டு, அந்த மீட்டரும் போதாது. தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியில் தொங்கும்; அது காட்டுவது எஞ்சினின் சூடு இல்லை. அதனால் தண்ணீரின் அழுத்தத்தைப் பார்க்கும் ஒரு சுவிட்ச், அது விழுந்தவுடன் கண்ணுக்கு நேரே எரியும் ஒரு பெரிய சிவப்பு விளக்கு. இதற்கு ஆன செலவு 40 டாலர்கூட இல்லை. ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் தண்ணீர் வழியையே மாற்றினோம். தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நீண்ட ஹோஸ் ஒன்றை ரேடியேட்டருக்கு இழுப்பது. இதற்குத் தயார் கிட் விற்கிறார்கள். நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் பட்டறையில் அதற்கான அலுமினிய ஸ்பேசரை (இடையில் வைக்கும் துண்டு) செய்துகொண்டு வந்தேன். ஹீட்டருக்கு ஒரு துளை, சென்சாருக்கு ஒரு துளை. அப்பா அளவை மூன்று முறை எழுதி வாங்கிக்கொண்டார். துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தேன். பின்சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கை நுழைய இடமில்லாத இடத்தில் அதைப் பொருத்த ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது. இன்றுவரை ஒரு சொட்டு கசிவு இல்லை.

இரண்டாவது பந்தயத்தில் ரேடியோவில் மச்சினன் குரல்: "மாமா, செவப்பு லைட் எரியுதுங்க." எஞ்சினை ஆஃப் பண்ணு என்றேன். சொல்வதற்கு முன்பே ஆஃப் செய்துவிட்டிருந்தான். ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது. இழுத்து வந்து, ஆறவைத்து, முறுக்கித் தண்ணீர் ஊற்றி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை மாலை கொடி விழும்போது கார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முதல் முழுப் பந்தயம் அதுதான்.

அடுத்து முன்சக்கர ஹப், சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம். பேரிங்கோடு சேர்ந்து ஒரே துண்டாக வரும் சாமான். ஒட்டும் டயர் போட்டு நாள் முழுவதும் வளைவில் அழுத்தினால், பிரேக்கின் சூடும் சேர்ந்து, இதன் ஆயுள் குறைகிறது. மியாட்டா பந்தயக்காரர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான். முற்றிலும் போனால் சக்கரமே கழன்றுவிடும். நாங்கள் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஜாக்கி வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுகிறோம். மூன்றாவது பந்தயத்தின் சனிக்கிழமை இரவு இடது பக்கம் கையில் லேசாக ஒரு 'டிக்' தெரிந்தது. காதுக்குக் கேட்காது, உள்ளங்கையில்தான் தெரியும். அப்போதே மாற்றினோம். இரண்டு ஹப் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். கிளட்ச்சைத் தள்ளும் கீழ் சிலிண்டரும் ஒன்று இருக்கட்டும். இந்தக் காரில் அடிக்கடி கசியும், ஆனால் இரண்டே போல்ட்.

பிரேக்கில் 1.6 காருக்கு முன்னால் வெறும் 235 மில்லிமீட்டர் டிஸ்க். 1994இல் வந்த 1.8 காருக்கு 255. சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் எடை குறைவு என்பதால் நல்ல பேடும் நல்ல திரவமும் இருந்தால் போதும். தெருவில் ஓடும் காருக்கான பேடைப் போட்டுச் சோதனை ஓட்டத்துக்குப் போய், ஐந்தாவது சுற்றில் பெடல் தரைவரை போனது. இப்போது ஹாக் டிடிசி 60 என்ற பந்தய பேட். இரண்டு நாளையும் தாங்குகிறது. திரவம் மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 312 டிகிரி செல்சியஸ். சாதாரண டாட் 3 பிரேக் திரவத்துக்குக் குறைந்தபட்சம் 205தான். முன் பம்பரிலிருந்து டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாயையும் மறக்க வேண்டாம்.

கூண்டு உயிர் சம்பந்தப்பட்டது. அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வெல்டிங் தெரிந்தும், கூண்டை மட்டும் அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்தோம், 2,300 டாலர். மியாட்டாவின் பெரிய சிக்கல் இங்கேதான். உறுதியான கூரை இல்லாத கார் என்பதால், பின் வளையத்துக்கும் முன் வளையத்துக்கும் நடுவே ஒரு கழியை வைத்தால் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். நான் ஐந்தடி ஏழங்குலம், பிரச்சினை இல்லை. அலுவலக நண்பர் ஆறடி ஒன்று. அவருக்காகத் தரையில் இருந்த சீட் மேடையை வெட்டி எடுத்து, பக்கெட் சீட்டைத் தரையோடு பொருத்தினோம். ஆறடி மூன்றுக்கு மேல் உள்ளவர் அணியில் இருந்தால் வேறு கார் பாருங்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. பேட்டரியை மட்டும் துண்டிக்கும் கில் சுவிட்ச் போதாது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தானே கரண்ட் கொடுத்து ஓட்டிக்கொண்டே இருக்கும். பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் எஞ்சினை முறுக்கிவிட்டுத்தான் சுவிட்சைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச் வாங்குங்கள்.

டயர் ஹான்குக் ஆர்எஸ்4, 205/50, 15 அங்குலம். ஒரு செட் இரண்டு பந்தயத்துக்கு மேல் வந்தது, முழுத் திருப்தி. சஸ்பென்ஷனில் புது ரப்பர் புஷ், கொஞ்சம் கடினமான ஸ்பிரிங், அவ்வளவுதான்.

பெட்ரோல் தொட்டி 45 லிட்டர். நிமிடத்துக்கு 7,000 முறை வரை சுழலக்கூடிய எஞ்சினை நாங்கள் 6,200இல் கியர் மாற்றுகிறோம். சுற்றுக்கு இரண்டு விநாடி போகும், ஆனால் ஒருமுறை நிரப்பினால் ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். கால் தொட்டிக்குக் கீழே போனால் நீண்ட வளைவுகளில் பெட்ரோல் எட்டாமல் எஞ்சின் இருமத் தொடங்கும். அதற்கு முன்பே உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம். நிரப்பும்போது ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும், ஊற்றுபவர் தீத்தடுப்பு உடையில் இருக்க வேண்டும், ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். இதை வீட்டு வாசலில் தண்ணீரை வைத்து எட்டு முறை ஒத்திகை பார்த்தோம். அந்த ஒத்திகையில் கிடைத்த நேரத்தை எந்தச் சாமானும் தராது.

மொத்தம் 9,000 டாலருக்கு மேல் ஆனது, உடை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து. 500 டாலர் என்ற பெயரை நம்பி இறங்காதீர்கள். நான்காகப் பிரித்தால் தாங்கும். பழைய மியாட்டாக்களின் விலையும் நாங்கள் வாங்கியபோது இருந்ததைவிட ஏறிவிட்டது. இருந்தும் இன்று மறுபடி தொடங்கினால் இதையேதான் வாங்குவேன். நான்காவது பந்தயத்தில் இரண்டு நாளும் பானெட்டைத் திறந்தது எண்ணெய் பார்க்க மட்டும்தான்.

வாங்குவதற்குக் காரைப் பார்க்கப் போகும்போது இரண்டு இடத்தைக் கவனியுங்கள். 1990, 1991 தொடக்க மாடல்களில் கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன் முனை குட்டையானது. அதில் புல்லியைப் பிடித்திருக்கும் சாவித் துண்டு தளர்ந்து கிராங்க்கே வீணாவது தெரிந்த கோளாறு. முன் புல்லியில் நான்கு பள்ளம் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் பெரியது. எட்டு உள்ளதை எடுங்கள். அடுத்து, சீட்டுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் இறங்கும் வடிகால். அது அடைத்தால் கதவுக்குக் கீழே உள்ள பெட்டி போன்ற சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துருப்பிடித்த இடத்தில் கூண்டின் கால் நிற்காது. ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சுத்தமாக வடிந்தால் பேரம் பேச ஆரம்பிக்கலாம்.