பழைய ஐபாடா, கிளாசிக்கா, சின்ன கிளிப்பா: மாற்றியமைக்க எதை வாங்கலாம்?

பழைய பாட்டுக் கருவி ஒன்றை வாங்கிப் பிரித்து, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மெமரி கார்டைப் பொருத்தி, மென்பொருளையும் மாற்றிப் பயன்படுத்த ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கருவிகளில் வந்து நிற்பார்கள். 2005இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட், 2007இலிருந்து 2014 வரை விற்ற ஐபாட் கிளாசிக், சான்டிஸ்க் நிறுவனத்தின் சான்சா கிளிப் பிளஸ். மூன்றையும் நான் வாங்கி, மாற்றி, வருடக்கணக்கில் பயன்படுத்திவிட்டேன். அதனால் எது நல்லது என்று யாராவது கேட்டால், "யாருக்கு?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன்.

நான் இதில் இறங்கியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று எனக்காக. இரவில் பாட்டுக் கேட்கும்போது பக்கத்தில் போன் இருக்கக்கூடாது என்று தோன்றியது. இன்னொன்று பெரியப்பாவுக்காக. கண்ணழுத்த நோயால் அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. ஆனால் நாள் முழுக்கக் கச்சேரி கேட்கிற மனுஷன். தொடுதிரை போனில் எங்கே எதைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் அவர் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சரி, முதலில் திறப்பதைப் பற்றிப் பேசிவிடுவோம். வாங்கும்போது எல்லோரும் ஜிபி கணக்கைப் பார்க்கிறார்கள். ஆனால் மாற்றியமைக்கப் போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது, அந்தக் கருவி நம்மைத் தன் உள்ளே விடுமா என்பதைத்தான்.

ஐந்தாம் தலைமுறை ஐபாட் விடும். முன்பக்கம் பிளாஸ்டிக், முதுகு மட்டும் பளபளக்கும் எஃகு. கிட்டார் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் மீட்டியை ஓரத்து இடுக்கில் செருகி மெல்ல நகர்த்தினால், டக் டக் என்று கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். கவனமாக இருக்கவேண்டிய இடங்கள் இரண்டே. பேட்டரியிலிருந்து வரும் மெல்லிய ரிப்பன் ஒன்று, முதுகோடு ஒட்டியிருக்கும் ஹெட்போன் துளையிலிருந்து வரும் ரிப்பன் இன்னொன்று. திறந்த வேகத்தில் இரண்டு பாதிகளையும் புத்தகம் போல விரித்தால் ரிப்பன் கிழியும். முதல் ஐபாடில் நான் ரிப்பனைக் கிழிக்கவில்லை, ஆனால் பேட்டரி ரிப்பனைப் பிடித்திருக்கும் சின்னத் தாழ்ப்பாளை உடைத்துவிட்டேன். அதை நேராக மேலே தூக்கினாலே போதும், நெம்பத் தேவையில்லை. எனக்கு அப்போது அது தெரியாது. அந்தச் சர்க்யூட் போர்டு இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கிளாசிக் வேறு ரகம். முன்பக்கத்தை அலுமினியமாக மாற்றி, உள்ளே உலோகக் கொக்கிகளை வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் மீட்டி உள்ளேயே போகாது. மெல்லிய இரும்புத் தகட்டை விட்டு நெம்பவேண்டும். நெம்பிய இடத்தில் எஃகு முதுகின் விளிம்பு வளைந்துகொள்ளும். மறுபடி மூடும்போது அந்த வளைவை நிமிர்த்தாவிட்டால் இடுக்கு தெரியும், தூசி போகும். எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது, விரலிலும் கீறல். முதல்முறை கை வைக்கிறவர்களுக்கு நான் கிளாசிக்கைச் சொல்லவே மாட்டேன்.

கிளிப் பிளஸைத் திறக்கும் அவசியமே இல்லை. பக்கவாட்டிலேயே மைக்ரோ எஸ்டி கார்டு போடும் துளை இருக்கிறது. ஆனால் பேட்டரி தேய்ந்துபோனால் அப்போது கஷ்டம். அது உள்ளே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது.

அடுத்தது கொள்ளளவு. இங்கே வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு.

ஐந்தாம் தலைமுறையில் 30 ஜிபி, 60 ஜிபி என்று வந்தன. 2006 செப்டம்பரில் திரை வெளிச்சத்தைக் கூட்டி, தேடும் வசதியைச் சேர்த்து 30, 80 ஜிபியில் விட்டார்கள். இதைத்தான் பழகியவர்கள் ஐந்தரை என்று சொல்வார்கள். ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்பது நமக்கு முக்கியமில்லை, எப்படியும் கழற்றப்போகிறோம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் வேறொரு சங்கதி இருக்கிறது. 30 ஜிபி கருவிகளில் ராம் என்ற தற்காலிக நினைவகம் 32 எம்பிதான், 60, 80 ஜிபி கருவிகளில் 64 எம்பி. ஆப்பிளின் மென்பொருள் பாட்டுப் பட்டியலை ராமில் ஏற்றிக்கொள்வதால், 30 ஜிபி கருவிக்குள் பெரிய கார்டைப் போட்டு ஆயிரக்கணக்கில் பாட்டை அடைத்தால் அது திணறும், தானாக மறுபடி மறுபடி தொடங்கும். பட்டியல் பெரிதாக இருக்கும் என்றால் 60 அல்லது 80 தேடுங்கள்.

கிளாசிக் எல்லாவற்றிலும் 64 எம்பி ராம் இருக்கிறது. ஆனால் 2007, 2008இல் வந்த கிளாசிக்குகளில் ஆப்பிளின் மென்பொருள் மெமரி கார்டில் 128 ஜிபிக்கு மேல் எட்டாது. சேமிப்பிடத்தைப் பிரித்து எண்ணும் முறையில் 28 பிட்டுக்கு மேல் அது போகாததுதான் காரணம். 2009இல் வந்த மெல்லிய 160 ஜிபி கிளாசிக்கில் இந்தத் தடை இல்லை. விற்பவர் வெறுமனே "160 கிளாசிக்" என்று சொன்னால் நம்பவேண்டாம், 2007இலும் ஒரு தடித்த 160 உண்டு. கருவியின் விவரப் பக்கத்தில் மாடல் எண் எம்சி293 அல்லது எம்சி297 என்று தொடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் வைக்க ஐஃபிளாஷ் என்ற அடாப்டர் பலகைகள் கிடைக்கின்றன. ஒரே ஒரு கார்டு வைப்பது முதல் நான்கு மைக்ரோ எஸ்டி வைப்பது வரை உண்டு. நானே ஒருமுறை நான்கு கார்டு ஆசையில் விழுந்தேன். என்னைக் கேட்டால் ஒரே நல்ல கார்டு போதும். அப்புறம், கார்டு வாங்கும்போது ஜாக்கிரதை. மலிவாக வந்த 256 ஜிபி கார்டு ஒன்றை ஒரு கடையில் வாங்கிப் பொருத்தி, ஐபாடை மூடிவிட்டேன். பாதிப் பாட்டுகளுக்கு மேல் ஏறியதும் எல்லாம் குழம்பிப்போனது. உள்ளே உண்மையில் இருந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இப்போதெல்லாம் கார்டை முதலில் கணினியில் போட்டு முழுக்க எழுதிப் பார்க்கும் சோதனையை முடித்துவிட்டுத்தான் கருவிக்குள் வைக்கிறேன்.

டிஸ்க் போய் கார்டு வந்தால் உள்ளே இடம் மிச்சமாகும், மின்சாரச் செலவும் குறையும். அந்த இடத்தில் பெரிய பேட்டரி வைக்கலாம். 30 ஜிபி ஐபாட் புதிதாக வந்தபோது 14 மணி நேரம் பாடும் என்று ஆப்பிள் சொன்னது, 2009 கிளாசிக்குக்கு 36 மணி நேரம். இப்போது 3000 எம்ஏஎச் பேட்டரிகூடக் கிடைக்கிறது, ஆனால் தடித்த முதுகு இருந்தால்தான் அது அமரும். மெல்லிய முதுகுக்குள் அதை அழுத்தித் திணிக்காதீர்கள். லித்தியம் பேட்டரி அது, நசுங்கினால் தீப்பிடிக்கும்.

ஒலியைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். ஐந்திலும் ஐந்தரையிலும் உள்ள வுல்ஃப்சன் ஒலி சிப்பில் ஒரு இதம் இருக்கிறது, கிளாசிக்கில் உள்ள சிரஸ் லாஜிக் சிப்பில் அது இல்லை என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே ஆலாபனையை, ஒரே ஹெட்போனில், ஒரே சத்த அளவில் கேட்டிருக்கிறேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஐந்தரையில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. வுல்ஃப்சன் சிப்பிலிருந்து வரும் ஒலியைப் போர்டில் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் வழியாக விடாமல், கீழே உள்ள 30 பின் துளைக்கு நேராகக் கொண்டுபோய், தரமான கெப்பாசிட்டர் வழியாக வெளியே எடுப்பார்கள். ரெட் வைன் ஆடியோ என்ற அமெரிக்க நிறுவனம் ஐமாட் என்ற பெயரில் இதையே வியாபாரமாகச் செய்தது. சால்டரிங் இரும்பு பிடித்துப் பழகிய கை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். மூன்று கருவியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடிவதே ராக்பாக்ஸ் என்ற மாற்று மென்பொருள் இருப்பதால்தான். 2001இல் ஸ்வீடன் நாட்டு நிரலாளர்கள் சிலர் தங்கள் ஆர்கோஸ் பாட்டுக் கருவியின் மென்பொருள் பிடிக்காமல் தாங்களே எழுத ஆரம்பித்தது அது. அவர்களில் ஒருவரான டேனியல் ஸ்டென்பெர்க்தான் உலகம் முழுக்கக் கணினிகளில் இணையத் தரவை எடுக்க ஓடும் கர்ல் நிரலையும் எழுதியவர். ராக்பாக்ஸைப் போட்டால் பாட்டேற்ற ஆப்பிளின் ஐட்யூன்ஸ் நிரல் தேவையில்லை. கணினியில் செருகி, கோப்புறைகளை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஃபிளாக், ஆக் வார்பிஸ் போன்ற ஒலிக்கோப்பு வடிவங்களும் பாடும்.

ஐந்தாம் தலைமுறையில் இதை ஏற்றுவது மிகச் சுலபம். ஐபாடின் சேமிப்பிடம் மேக் முறையில் இல்லாமல் விண்டோஸுக்கான ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆப்பிளின் மென்பொருளும் உள்ளேயே இருக்கும். கருவியைத் தொடங்கிய உடனே மேலே உள்ள ஹோல்டு பொத்தானைப் போட்டால் அது வரும். கிளாசிக்கில் மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு விநாடி பிடித்து, வேறொரு நிலைக்குக் கொண்டுபோய் ஏற்றவேண்டும். முடியாததல்ல, ஆனால் முதல்முறை திரை கறுத்ததும் வயிற்றைக் கலக்கும். கிளிப் பிளஸில் மாற்றிய மென்பொருள் கோப்பு ஒன்றைப் போட்டு, கணினியிலிருந்து கழற்றினால் தானே மாறிக்கொள்ளும். கார்டு 64 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் அதை ஃபேட்32க்கு மாற்றிப் போடுங்கள், கடையில் வரும் வடிவத்தில் ராக்பாக்ஸ் படிக்காது.

பெரியப்பாவுக்கு முதலில் நான் கொடுத்தது ஐபாட்தான். எனக்குப் பிடித்தது அவருக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன். அந்தச் சக்கரம் விரல் பட்டாலே நகரும், விரலுக்கு மேடு பள்ளம் எதுவும் தெரியாது. "ஏம்பா, நான் சும்மா பிடிச்சிருந்தாலே இது எங்கேயோ ஓடுது" என்றார். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண் தெரிகிறவர்களுக்கு உலகத்திலேயே அழகான அந்தச் சக்கரம், அவர் கையில் வழுக்கும் தரையாகிவிட்டது.

கிளிப் பிளஸ் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது, எடை 24 கிராம். நாலு பக்கமும் அழுத்தும் உண்மையான பொத்தான்கள், நடுவில் ஒன்று, ஓரத்தில் சத்தத்துக்கு இரண்டு. சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டலாம். ராக்பாக்ஸில் குரல் மெனு என்று ஒன்று உண்டு. பொத்தானை நகர்த்த நகர்த்த, மெனுவில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லும். பார்வையற்ற பலர் வருடக்கணக்காக ராக்பாக்ஸை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் பெரியப்பாவுக்கு ஆங்கிலக் குரல் பேசுவது தலைவலியாக இருந்தது. கர்நாடக சங்கீத வித்வான்களின் பெயர்களை அது உச்சரித்த விதத்தில் அவருக்கு யார் பாடுகிறார் என்றே புரியவில்லை.

அப்போதுதான் ஒரு வழி கிடைத்தது. ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அதன் பெயரைச் சொல்லும் சின்ன ஒலித்துண்டு ஒன்றை வைக்க ராக்பாக்ஸ் அனுமதிக்கிறது. அந்தக் கோப்புறைமேல் வந்து நின்றதும் அந்தத் துண்டு ஒலிக்கும். அது யார் குரலாகவும் இருக்கலாம், எந்த மொழியாகவும் இருக்கலாம். பெரியம்மாவை உட்காரவைத்துப் போனில் பதிவு செய்தோம். "இது மதுரை மணி ஐயர்." "இது செம்மங்குடி." "இது சாயங்காலம் கேக்குற நாதஸ்வரம்." முப்பத்தைந்து துண்டுகள். ஒவ்வொன்றையும் ராக்பாக்ஸுக்கு உரிய ஸ்பீக்ஸ் வடிவத்துக்கு மாற்றி, அந்தந்தக் கோப்புறையில் போட்டு, அமைப்புகளில் இந்த வசதியை இயக்கிவிட்டேன். பெரியப்பா முதல்முறை பொத்தானை அழுத்தி, மனைவியின் குரல் காதுக்குள் வந்ததும், பாட்டைப் போடாமல் வெறுமனே கோப்புறைகளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாம் தலைமுறைக்குக் கண்ணாடி போன்ற முன்மூடி, வண்ணச் சக்கரம், யூஎஸ்பி சி துளை எல்லாம் செய்கிறார்கள். அழகுக்கு இதுதான் முதல். உள்ளே புளூடூத் வைப்பவர்களும் உண்டு, ஆனால் எஃகு முதுகு சிக்னலை விழுங்கும். ஒருவர் 2004 ஐபாடுக்குள் ராஸ்பெரி பை ஜீரோ என்ற சின்னக் கணினியை வைத்து, இணையத்தில் பாட்டுத் தரும் ஸ்பாட்டிஃபை கேட்கும்படி மாற்றிக் காட்டினார். திறமைக்குக் கும்பிடலாம். ஆனால் இணையத்தை விட்டு விலகத்தான் நான் ஐபாடைத் தேடினேன் என்பதால் எனக்கு அது வேண்டாம்.

ஆக, முதல்முறை பிரித்துப் பழக, கெட்டாலும் உதிரிபாகம் எளிதில் கிடைக்க, ஐந்தாம் தலைமுறை. அதிலும் 60 அல்லது 80. சுத்தமாக, நீண்ட நேரம் பாட, கை பழகியவர்களுக்கு 2009 கிளாசிக். கண் பார்வை குறைந்தவர்களுக்கும், நடைப்பயிற்சிக்கும், பிரிக்கப் பயப்படுகிறவர்களுக்கும் கிளிப் பிளஸ் அல்லது அதற்கு அடுத்து 2011இல் வந்த கிளிப் ஜிப். கிளிப் ஸ்போர்ட், கிளிப் ஜாம் என்று பெயர் இருந்தால் வாங்கிவிடாதீர்கள். பார்க்க உறவுக்காரர்கள் போல இருந்தாலும் அவற்றில் ராக்பாக்ஸ் ஓடாது.

பெரியப்பாவின் கிளிப்பில் பேட்டரி முன்போல நிற்பதில்லை. அதனால் ஒரு கிளிப் ஜிப்பை இப்போதே தேடி வாங்கி வைத்துவிட்டேன். கார்டை அப்படியே நகலெடுத்தாயிற்று, முப்பத்தைந்து துண்டுகளும் அதில் இருக்கின்றன. பொத்தான்களின் இடம் சற்று மாறுவதால், பழையது ஓடும்போதே புதியதையும் தினம் கொஞ்ச நேரம் கையில் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.