ரீல்ஸ் பார்த்து கான்கிரீட் கிச்சன் மேடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் (1,38,000 ரூபாய் போச்சு)

நேற்று சாயங்காலம், மேடை செய்து தருகிறேன் என்று பணம் வாங்கிய அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். வீட்டுக்காரர் போனிலிருந்து அடித்தோம், ஒரு ரிங் போனது, கட் ஆனது, அப்புறம் அதுவும் பிளாக். ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் சூட்டோடு சூடாக இப்போதே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 1,38,000 ரூபாய். கடை பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் ஒரு டெகரேட்டிவ் கான்கிரீட் வொர்க்‌ஷாப், ஆள் பிடிப்பதெல்லாம் போட்டோ, வீடியோ போடுகிற ஒரு ஆப் வழியாக, அவ்வளவு போதும். இந்த மாதிரி வேலை செய்யக் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விலாவாரியாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறை தாண்டி. கேரளா என்றாலும் இங்கே வீட்டுக்கு வீடு தமிழ்தான், துணி எடுக்கப் பொள்ளாச்சி, ஆஸ்பத்திரிக்குக் கோவை, ரேஷன் கார்டு மட்டும் மலையாளத்தில். பழைய வீட்டை ஒட்டியே புது கிச்சனும் சாப்பாட்டு ரூமும் எடுத்தோம். எல்லோரும் போடுகிற கறுப்பு கிரானைட் வேண்டாம் என்று தோன்றியது. இப்போது கான்கிரீட்டில் என்னென்னவோ செய்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மேடையின் ஓரம் அப்படியே மடங்கித் தரை வரைக்கும் இறங்குகிற மாதிரி, மேடையும் சிங்க்கும் ஒரே வார்ப்பாக, நடுவில் பித்தளைப் பட்டை பதித்து, இல்லையென்றால் மார்பிள் சில்லு கலந்து பாலிஷ் பிடித்து நம்ம பழைய மொசைக் தரை மாதிரி. பலகைச் சட்டத்தின் மர ரேகை அப்படியே சிமெண்டில் பதிகிற மாதிரியும் வார்க்கிறார்கள், இலையை வைத்து அச்சு எடுக்கிறார்கள், பெஞ்சின் பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம் விடுகிறார்கள். எனக்கு வேண்டியது எளிது. பழைய வீட்டுத் திண்ணையில் இருக்கிற ரெட் ஆக்சைடு சிவப்பில் 11 அடி மேடை, ஓரத்தில் மெல்லிசாக ஒரு பித்தளைக் கோடு. கூடவே ஒரு டைனிங் டேபிள், வாசலில் போட ஒரு பெஞ்ச். மொத்தம் 1,92,000 என்றான்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்லியே ஆகணும், ஏனென்றால் அடுத்தவரிடமும் இதையேதான் செய்வான். அளவெடுக்க நேரிலேயே வந்தான். செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே கழற்றிவிட்டு, உட்காராமல், அந்தச் சிவப்புத் தரையைக் கையால் தடவிப் பார்த்தான். "அக்கா, இது எத்தனை வருசத் தரைங்க்கா? இதுல இருக்கற பதம் இப்ப யாருக்குங்க்கா வரும்? நான் பண்றதும் இதோட வாரிசுதான்" என்றான். எங்கள் அத்தைக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே மனசு குளிர்ந்துவிட்டது, மாமனார் காலத்தில் முட்டை வெள்ளைக் கரு போட்டுத் தேய்த்த கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்புறம் பையிலிருந்து கையகலத்துக்கு ஒரு சிவப்பு சாம்பிளை எடுத்தான். "எலுமிச்சம்பழம் இருக்குங்களா?" என்று கேட்டு வாங்கி, பிழிந்து, அப்படியே விட்டுவிட்டுக் காபி குடித்தான். குடித்து முடித்துத் துடைத்தால் ஒரு தடமும் இல்லை. மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசினான், அதுவும் போய்விட்டது. அத்தையே அவன் சாப்பிட்டுப் போகட்டும் என்று இலை போட்டார். அன்றைக்கே 20,000 அனுப்பினோம். மோல்டு போட்டாச்சு என்று ஒரு வீடியோ வந்ததும் 70,000. பாலிஷ் நடக்கிறது என்று இன்னொரு வீடியோ, அதற்கு 48,000. எல்லாம் ஜிபேயில், பெயர் வேறு யாருடையதோ காட்டியது, மச்சான் அக்கவுண்ட் என்றான். ஆக 1,38,000.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் காரணங்கள். பொள்ளாச்சியில் மழை, க்யூரிங் (கான்கிரீட் இறுகுவது) ஆகவில்லை என்றான். மழைக்கும் க்யூரிங்குக்கும் என்ன பகை? சிமெண்ட் இறுகுவதே ஈரத்தில்தான், வார்த்த கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாக்கு போர்த்தி வைப்பதை வீடு கட்டிய எல்லோரும் பார்த்திருப்போம். அடுத்தது, பாலிஷ் போடுகிற பையன் ஊருக்குப் போய்விட்டான். அதற்கடுத்தது, வண்டி வாளையார் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டது. பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குக் கோபாலபுரம் வழியாகக் கண்ணை மூடிக்கொண்டு வரலாம், வாளையாரைச் சுற்றிக்கொண்டு வருகிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அதுவும் 2017இல் ஜிஎஸ்டி வந்ததோடு வரிச் செக்போஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு.

கடைசியில் ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் மேடை மட்டும் வந்தது. டேபிளும் இல்லை, பெஞ்சும் இல்லை. இரண்டு துண்டாக வந்ததை இரண்டு சின்னப் பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டே தூக்கி வந்தார்கள். இரண்டு இஞ்ச் கனத்தில் கெட்டிக் கான்கிரீட் என்றால் சதுர அடிக்கு 11 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், ஒரு துண்டு 11 சதுர அடி, 120 கிலோ. அதைச் சிரித்துக்கொண்டு தூக்குகிற பையன்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? கேட்டதற்கு "லைட் வெயிட் டெக்னாலஜிங்க்கா" என்று போனில் சொன்னான். பித்தளைக் கோடு இருந்தது, சரி, அதைத் தேய்த்ததும் கீழே வெள்ளையாகத் தெரிந்தது, பித்தளைக் கலர் அடித்த அலுமினியப் பட்டை.

புழங்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக வந்தது. துடைத்த துணி சிவப்பாக மாறியது. புளி கரைத்த கிண்ணம் இருந்த இடத்தில் பொரிந்து மங்கலாக ஒரு வட்டம். மஞ்சள் கறை போகவே இல்லை. இட்லிப் பானையை இறக்கி வைத்த இடத்தில் மேல்பூச்சு வெளுத்து ஒட்டிக்கொண்டது. சிங்க்குக்கு வெட்டிய ஓட்டையின் இரண்டு மூலையிலிருந்தும் முடி மாதிரி விரிசல் கிளம்பி, ஓரம் வரைக்கும் ஓடி, ஒருநாள் அத்தை தேங்காய் உடைக்கும்போது முன்பக்க ஓரம் ஒரு சாண் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பார்த்தால் தெர்மாகோல். மேலே அரை இஞ்சுக்கும் குறைவாகச் சிமெண்ட் தோல், நடுவில் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலை. 1,38,000 ரூபாய்க்குக் கல்யாண மேடை அலங்காரம் செய்கிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறான்.

சித்தப்பா பையன் பாலக்காட்டில் சைட் சூப்பர்வைசர். வந்து பார்த்தவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு உபயோகப்படும். தெர்மாகோல் வைத்து வார்ப்பதே தப்பில்லையாம், பெரிய டேபிளின் எடையைக் குறைக்க நல்ல ஆட்களும் வைப்பார்கள். ஆனால் மேல் தோல் ஜிஆர்சியாக இருக்கணும், அதாவது கண்ணாடி இழை கலந்த கான்கிரீட். அந்த இழையும் காரத்தைத் தாங்குகிற ரகமாக இருக்கணும், சாதாரண ஃபைபர்கிளாஸ் நாரைச் சிமெண்டின் காரமே நாளடைவில் தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, வாங்குகிறவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யணும். சிங்க் ஓட்டையின் மூலைதான் எப்போதும் விரிகிற இடம், அங்கே மூலையைச் சதுரமாக வெட்டாமல் வளைத்து, கூடுதலாகக் கம்பியோ இழைவலையோ கொடுப்பார்கள். இங்கே ஒன்றும் இல்லை. நிறத்துக்கு அயர்ன் ஆக்சைடு போட்டால் வெயிலில் வெளுக்காது, அதையும் சிமெண்ட் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போடக் கூடாது, அதற்கு மேல் போனால் பலம் குறையும். துணியில் இப்படி இறங்குவது மலிவுப் பொடியாக இருக்கணும், இல்லையென்றால் மேலே பூசிய கலராக இருக்கணும் என்றான். எலுமிச்சை வித்தையையும் அவன்தான் விளக்கினான். சிமெண்டில் இருப்பது சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் அரிக்கத்தான் செய்யும், எவ்வளவு நல்ல கான்கிரீட்டாக இருந்தாலும் சரி. காப்பாற்றுவது மேலே போடுகிற சீலர் மட்டும்தான். சாம்பிளுக்கு இரண்டு டப்பா கலந்து அடிக்கிற நல்ல பாலியூரித்தேன் அடித்திருப்பான், எங்கள் மேடைக்குச் சூடு பட்டால் இளகுகிற அக்ரிலிக். அந்தக் கையகல சாம்பிளைக் கிளம்பும்போது மறக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு போனான், அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

போன் செய்தபோது கிடைத்த பதில்கள் இன்னும் காதில் கொதிக்கின்றன. விரிசல் படத்தை அனுப்பினால், "அக்கா, கான்கிரீட்டுன்னா ஹேர்லைன் வரும், அதுதான் அதோட கேரக்டர்." கறை படத்தை அனுப்பினால், "அது பட்டினாங்க்கா, ஃபாரின்ல இதுக்குன்னே காசு கொடுப்பாங்க." ஹேர்லைன் விரிசலும் நாள்பட்ட நிறமாற்றமும் கான்கிரீட்டில் வருவது உண்மைதான், அந்த உண்மையைத்தான் கேடயமாகப் பிடிக்கிறான். தெர்மாகோல் படத்தை அனுப்பியதற்கு ஒரு கட்டைவிரல் பொம்மை. கட்டைவிரல்! டேபிள் எங்கே என்றால், மீதி 54,000 போட்டால் மறுநாளே வண்டி ஏறும் என்றான். நான் மறுத்ததும் குரலே மாறிவிட்டது. "நீங்க கேரளா, நாங்க தமிழ்நாடு, கேஸ் போடணும்னா இங்க வந்து போடுங்க" என்றான். அக்கா என்ற வார்த்தை அந்தப் போனில் ஒரு தடவை கூட வரவில்லை.

வீட்டுக்காரர் நேரில் போனார். ஷெட்டில் ஒரு கிழவர் பூந்தொட்டி வார்த்துக்கொண்டிருந்தார், முதலாளி வெளியூர் என்றார், வேறு எதுவும் பேசவில்லை. எஸ்டிமேட் தாளில் 33 என்று ஆரம்பிக்கிற ஜிஎஸ்டி நம்பர் அச்சடித்திருந்தான், ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் ரத்தான நம்பர். பில் கிடையாது. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு வர வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) வேணும், அதுவும் கிடையாது. அந்த ஆப்பில் அவன் போட்டிருந்த வீடியோக்களை மறுபடி உட்கார்ந்து பார்த்தோம், ரொம்ப அழகான ஒரு மேடை, பின்னால் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டில் இரண்டு தட்டைக் கீற்று. நம்ம நாட்டில் எந்த வீட்டில் அப்படிப் பிளக் பாயிண்ட் இருக்கிறது?

அவன் சொன்ன மாநிலக் கதை சுத்தப் பொய், இதை மட்டும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், எல்லைப் பக்கம் இருக்கிற நமக்கு இதுதான் முக்கியம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கிற இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கணும், ஆன்லைனிலேயே போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்திருக்கிறோம். நாங்கள் பாலக்காட்டில்தான் போடுகிறோம். வரட்டும், கோபாலபுரம் வழியாகவே வரட்டும்.

விலாவாரியாக எழுதுகிறேன் என்றேன், கேஸுக்கு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேதிவாரியாக அடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் சுருக்கமாக. சாம்பிளை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள், ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் வையுங்கள். உள்ளே என்ன வைத்து வார்க்கிறான், என்ன கனம், என்ன சீலர் என்று தாளில் எழுதி வாங்குங்கள். முன்பு செய்து கொடுத்த வீட்டுக்கு நேரில் போய், ஒரு வருஷம் புழங்கிய மேடையைப் பாருங்கள், வீடியோ வேண்டாம். வேறு பெயர் அக்கவுண்ட்டுக்குப் பைசா அனுப்பாதீர்கள். வந்த சரக்கை எடை பார்க்காமல் இறக்க விடாதீர்கள்.

சிவப்பு மேடை, பித்தளைக் கோடு, எலுமிச்சம்பழ வித்தை, இந்த மூன்றும் சேர்ந்த ஆளிடம் யாராவது பணம் கொடுத்திருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நாலு பேர் சேர்ந்தால் போலீஸ் புகாராகவும் கொடுக்கலாம். உடைந்த துண்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆணையம் கேட்டால் பரிசோதனைக்கு அனுப்ப அதுதான் வேணும். எங்களுடையதைச் சாக்கில் கட்டி மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறோம்.