கெம்பர் வான் கூரை மூடி மாற்றக் கொடுப்பவர்கள் கவனம்: பழைய மூடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துத் தருகிறார்கள்

திருகோணமலைப் பக்கம் கெம்பர் வான் வைத்திருப்பவர்கள் மாரி தொடங்க முன் இதை வாசித்துவிடுங்கள்.

பழைய ரோசா பஸ் ஒன்றில் படுக்கையும் அடுப்பும் வைத்து, நிலாவெளிக்கு வரும் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். கூரையில் காற்றுப் போக 14 அங்குலச் சதுரத் துவாரம், அதன்மேல் பிளாஸ்டிக் மூடி. நம்மூர் வெயிலில் அது மஞ்சளாகி, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. மாற்றச் சொல்லி ஒரு கராஜில் கொடுத்தேன். “தம்பி, சாமான் ஒரிஜினல். கொழும்பில இருந்து எடுப்பிச்சது” என்றார் பாஸ். புது மூடிக்கு ஒரு காசு, மூடி உட்காரும் சட்டத்தைக் கழற்றி, அடியில் தண்ணீர் கசியாமல் ஒட்டும் பியூட்டைல் டேப் மாற்றியதற்கு இன்னொரு காசு. பில் கேட்டால் துண்டுக் கடதாசியில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தந்தார்.

முதல் பெருமழைக்கே மெத்தை ஊறிவிட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். காசைத் திருப்பிக் கொடுத்து, உப்புவெளியில் ரூம் எடுத்துக் கொடுத்தோம்.

ஏணி வைத்து ஏறி, மூடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். வெள்ளைப் பெயின்ட் உரிந்து, அடியில் மஞ்சள் பிளாஸ்டிக்! எந்த வண்டியில் கழற்றியதோ. ஜென்சன், எலிக்சர், வென்ட்லைன் என்று கம்பனிக்குக் கம்பனி பிணைச்சல் வேறு. இது எங்கள் சட்டத்தில் உட்காரவில்லை என்று கம்பியால் கட்டியிருக்கிறார். சட்டத்தை அவர் கழற்றவும் இல்லை. இஸ்க்ரூத் தலைப் பள்ளங்களில் பழைய துரு அப்படியே இறுகிக் கிடந்தது, திருகியிருந்தால் உதிர்ந்திருக்கும். அதை மறைக்கத்தான் மேலே சுற்றிவரப் பாத்ரூம் சிலிக்கனை அப்பியிருக்கிறார். பெரிய வில்லங்கமே அந்தச் சிலிக்கன்தான். வெயிலில் ஓரம் கிளம்பிவிடும். மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அதன்மேல் வேறெந்தப் பசையும் பிடிக்காது, புதுச் சிலிக்கன்கூட. முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகே கூரைக்கென்று விற்கும் பசையைப் போடலாம்.

போய்க் கேட்டேன். “கூரைத் தகரம் பழசு தம்பி, அதுக்கு நான் என்ன செய்ய?” என்றார். சரி, எங்கள் பழைய மூடியைத் தாருங்கள் என்றால், எறிந்துவிட்டாராம். அது இப்போது யாருடைய கூரையில் வெள்ளையடித்து நிற்கிறதோ!

கழற்றிய மூடியைக் கையோடு வாங்கிவிடுங்கள். புதியதைப் பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். காசு கொடுக்க முன் ஹோஸ் பைப்பால் கூரையில் நன்றாகத் தண்ணீர் அடித்து, உள்ளே ஆளை நிறுத்திப் பாருங்கள். மறுப்பவரிடம் வண்டியை விடவே வேண்டாம்.

துண்டுக் கடதாசியையும் சுரண்டிய மூடியின் படத்தையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. போனில் சொன்னாலும், மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.