கோஹிபா பெஹிக்கே 52: காசுக்கு ஏற்ற சுருட்டுதான், ஈரம் சரியாக இருந்தால்

கியூபாவின் கோஹிபா பிராண்டில் பெஹிக்கே வரிசை 52, 54, 56 என்று மூன்று அளவுகளில் அறிமுகமானது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் 52ஐ எடுங்கள். நீளம் 119 மி.மீ., தடிமன் 52 ரிங் கேஜ். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 52 பங்கு, அதாவது 20.6 மி.மீ. 56இன் நீளம் 166 மி.மீ.; அதை அவசரப்படாமல் முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசிப் பகுதி வருவதற்குள் நாக்கு மரத்துப்போகும். 52 ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சுவை எங்கே திரும்புகிறது என்பதும் அதில்தான் தெளிவாகப் பிடிபடும்.

2010இல் வெளிவந்த இந்த வரிசையின் தனித்தன்மை ‘மீடியோ தியெம்போ’ என்னும் இலை. வெயிலில் வளரும் புகையிலைச் செடியின் உச்சியில் வரும் இரண்டு சிறிய இலைகள் அவை. எல்லாச் செடியிலும் வருவதில்லை. வெயில் முழுவதையும் தாங்குவதால் தடிமனும் எண்ணெய்ப்பசையும் காரமும் அதிகம், பதப்பட நாளும் அதிகம் பிடிக்கும். சந்தையில் பெஹிக்கே எப்போதும் தட்டுப்பாடாகவே இருப்பதற்கு இந்த இலை ஒரு முக்கியக் காரணம்.

தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? உலகில் அதிகம் போலி செய்யப்படும் கியூபச் சுருட்டுகளில் இதுவும் ஒன்று. அசல் பெட்டியில் பத்துச் சுருட்டுகள் இருக்கும். கண்ணாடி மூடி போட்ட பெட்டி என்றால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், போலிதான். பெட்டியின் அடியில் சூட்டுமுத்திரையும், ஆலைக் குறியீடு, மாதம், ஆண்டு ஆகியவை மையிலும் இருக்க வேண்டும். சுருட்டின் பட்டையைச் சாய்த்துப் பிடித்தால் கியூபாவின் பழங்குடியினரான தைனோவின் தலை உருவம் ஒளிமாற வேண்டும். இருபதும் ஐம்பதுமாக உதிரியாகக் குவித்து விற்கும் இடங்களில் இதைத் தேடாதீர்கள்.

வாங்கியதும் பற்றவைப்பதுதான் பெரும்பாலானோர் கெடுத்துக்கொள்ளும் இடம். சுருட்டின் ஈரத்தைக் காக்கும் பெட்டியான ஹியூமிடாரில் 65 சதவீத ஈரப்பதம், 18 முதல் 20 டிகிரி வெப்பம். குறைந்தது மூன்று வாரமாவது அப்படிக் கிடக்கட்டும். 70க்கு மேல் போனால் உள் இலை உப்பி, இழுப்பு இறுகி, ருசி கசக்கும். 60க்குக் கீழே போனால் சூடாக எரியும், மேல் இலை வெட்டும்போதே விரியும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களின் வெப்பத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: 25 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, பெட்டி முழுவதும் குண்டூசித் துளையாகும். சந்தேகம் இருந்தால் காற்றுப்புகாத பையில் இட்டு ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூன்று நாள் ஃப்ரீஸர், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ், பிறகு ஹியூமிடார். ஃப்ரீஸரிலிருந்து நேராக வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும்.

சுருட்டின் தலையில், அதாவது வாயில் வைக்கும் முனையில், பன்றிவால்போல் ஒரு முறுக்கு இருக்கும். அதற்குக் கீழே ஒன்றரை மி.மீ. மட்டும் வெட்டினால் போதும். தலையை மூடும் தொப்பி இலை ஒட்டிய கோட்டைத் தாண்டினால் மேல் இலை பிரியத் தொடங்கும். பற்றவைக்கும் முன் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உலர்ந்த வைக்கோல், தேன் வாசனை வர வேண்டும். அமோனியா நெடி அடித்தால் இலை இன்னும் பதப்படவில்லை. திரும்ப வைத்துவிட்டு ஆறு மாதம் பொறுங்கள். பியூட்டேன் லைட்டர்தான் சரி, பெட்ரோல் லைட்டர் வாடையை இலை வாங்கிக்கொள்ளும். சுடரை நுனியில் முட்டவிடாமல் ஒரு விரலகலம் தள்ளிப் பிடித்து, சுருட்டைச் சுழற்றி, நுனி முழுவதும் சாம்பல் பூத்த பிறகே முதல் இழுப்பு.

முதல் பகுதி மென்மை. கோஹிபாவுக்கே உரிய பசும்புல் வாசம், தேன், பாலாடையின் வழவழப்பு. காரம் ஏறக்குறைய இல்லை. ‘இதற்கா இவ்வளவு விலை’ என்று தோன்றும் கட்டமும் இதுதான். பொறுங்கள். நடுப்பகுதியில் புல் ஒதுங்கி, வறுத்த காப்பிக்கொட்டையும் இனிப்பில்லாத கோகோவும் முன்னே வருகின்றன. புகையை நுரையீரலுக்கு இழுக்காமல், வாயிலிருப்பதில் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விட்டால் தேவதாரு மரத்தின் நறுமணம் பிடிபடும். இந்த இருபது நிமிடத்துக்காகத்தான் பெஹிக்கே. கடைசிப் பகுதியில் மிளகும் பதனிட்ட தோலும் மண்ணும் ஓங்கும்; மீடியோ தியெம்போவின் பலம் அப்போதுதான் தலைக்கு ஏறும். வெறும் வயிற்றில் பிடித்தால் குமட்டும், வியர்க்கும். அப்படி ஆனால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு கரண்டி சர்க்கரை சாப்பிடுவது உதவும் என்பார்கள்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். வேகமாக இழுத்தால் கங்கு சூடேறி, கோகோ இருந்த இடத்தில் தார்க் கசப்பு உட்கார்ந்துவிடும். தடித்த இலை மெதுவாக எரியும் என்பதால் சுருட்டுபவர் அதைச் சுருட்டின் நடுவில்தான் வைக்க வேண்டும். சற்று ஒதுங்கினாலும் ஒரு பக்கம் மட்டும் எரிந்து இறங்கும். பின்தங்கிய பக்கத்தை லைட்டரால் லேசாகத் தொட்டுச் சரிசெய்யலாம். கையால் சுருட்டிய பொருள் என்பதற்காக இறுகிய இழுப்பை இந்த விலையில் மன்னிக்கத் தேவையில்லை. மெல்லிய துளைக் கம்பி போட்டும் திறக்காவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள், நல்ல கடை மாற்றித் தரும்.

புகையை உள்ளிழுப்பதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சுருட்டும் காரணம்.

2022இல் கோஹிபா விலையை உலகெங்கும், விலை அதிகமாக இருந்த ஹாங்காங்கின் அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். சுவை அதற்கேற்பக் கூடவில்லை, பெஹிக்கேயின் உண்மையான குறை இதுதான். அந்தக் காசு உறுத்தினால் அதே 52 ரிங் கேஜில் 150 மி.மீ. நீளமுள்ள, கோஹிபாவின் சிக்லோ 6 வாங்கலாம். மீடியோ தியெம்போ அதில் இல்லை, கடைசிப் பகுதி அத்தனை ஆழம் போகாது; தேனும் புல்லும் காப்பியும் அப்படியே கிடைக்கும், விலையும் குறைவு.