டிடிஎஸ் பேனா: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு. தண்ணீரில் முக்கினால் அதை மதிப்பிட்டு எண்ணாகக் காட்டும் சின்னப் பேனா மீட்டர் இது. 20, 30 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சாதாரண ரகம். செந்தூலில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பார்க்கவும், இரண்டாம் படிவப் பிள்ளைகளுக்குக் கரைசல் பாடம் சொல்லித் தரவும் வைத்திருக்கிறேன். பாடத்துக்கு அருமையான கருவி. தண்ணீரைச் சோதிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், இது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதை பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) கணக்காக மாற்றிக் காட்டுகிறது. மின்சாரத்தைக் கடத்துபவை அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள். 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் உப்பைக் கரைத்தால் எண் 1000க்குப் பக்கத்தில் வரும். அதே அளவு சீனி போட்டால் அசையவே அசையாது. பிள்ளைகள் விடாமல் இன்னும் ரெண்டு கரண்டி போடுவார்கள், அப்போதும் அப்படியேதான். சீனியும் முழுசாகக் கரைந்திருக்கிறது. ஆனால் அயனிகளாகப் பிரியாமல் மூலக்கூறுகளாகவே இருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அப்புறம் விளக்கமே தேவைப்படுவதில்லை.

குழாய் பழுதுபார்த்த பிறகு தண்ணீர் காவி நிறத்தில் வருமே, அதிலும் பேனா வழக்கமான எண்ணையே காட்டியது. துரு கரைவதில்லை, அது தொங்கல், அதாவது கரையாத துகள்கள் நீரில் கலந்து நிற்பது. வாளியில் விட்டு வைத்தால் அடியில் படியும், துணியில் ஓரளவு வடிகட்டலாம். கிருமியையும் பேனா காட்டாது. ஆக, எண் குறைவாக இருப்பதால் மட்டும் தண்ணீர் சுத்தம் என்று சொல்ல முடியாது. பாடத்தில் வரும் கூழ்மத்தை (மிக நுண்ணிய துகள்கள் படியாமல் பரவி நிற்கும் கலவை) காட்ட லேசர் விளக்கு போதும்: ஒரு கிளாஸ் நீரில் சில சொட்டு தேங்காய்ப்பால் விட்டு ஒளியைப் பாய்ச்சினால் அதன் பாதை கோடாகத் தெரியும். உப்புக் கரைசலில் தெரியாது.

வடிகட்டி விற்க வீட்டுக்கு வருபவர்கள் இந்தப் பேனாவைக் காட்டிப் பயமுறுத்துவதுதான் எனக்குக் கோபம். எங்கள் குழாயில் 50, 60 என்று வருகிறது. மலேசியக் குடிநீர்த் தரத்தில் வரம்பு லிட்டருக்கு 1000 மில்லிகிராம். சிலர் இன்னொரு கருவியையும் கொண்டு வருவார்கள். குழாய் நீரில் இரும்புக் கம்பியை வைத்து மின்சாரம் கொடுப்பார்கள், பழுப்புக் கசடு கிளம்பும், "இதைத்தான் குடிக்கிறீங்க" என்பார்கள். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பிலிருந்து வந்தது! பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆர்ஓ நீரில் (நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிகட்டிய நீர்) அயனிகள் மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வயதான அம்மாக்கள் இதை நம்பி ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் ஆர்ஓ இருந்தால் பேனா நிச்சயம் உதவும். உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டையும் அவ்வப்போது அளந்து பாருங்கள். இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால் சவ்வைக் கவனிக்க வேண்டும். கார்பன் வடிகட்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது குளோரின் வாடையை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. உப்பு நீரில் விட்ட பின் காய்ச்சி வடித்த நீரில் அலசி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அளவு ஏறிக் காட்டும். சூடு ஏறினால் கடத்தும் திறனும் ஏறும், டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம். கருவி அதைத் தானே சரிசெய்தாலும், கொதித்த நீரை ஆறவிட்டே அளக்கிறேன்.