நேரலையா, ஆவணத் தொடரா?

நெட்ஃபிளிக்ஸுக்கு விளையாட்டில் இரண்டு வழி. ஒன்று, 2019 முதல் வரும் ஃபார்முலா 1 ஆவணத் தொடர் மாதிரி. ஒருமுறை எடுத்தால் போதும். நடுராத்திரியிலும் பார்க்கலாம், அடுத்த வருடமும் பார்க்கலாம்.

இன்னொன்று நேரலை. 2024 நவம்பரில் மைக் டைசன் – ஜேக் பால் குத்துச்சண்டை. கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குவிய, பலருக்குப் படம் உறைந்து வட்டம்தான் சுற்றியது. சினிமா என்றால் பக்கத்து சர்வரில் முன்கூட்டியே நகல் வைத்துவிடலாம். இன்னும் விழாத குத்தை எப்படி வைப்பது? ஆனாலும் அடுத்த மாதமே, கிறிஸ்துமஸ் அன்று, என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டங்கள் இரண்டைக் காட்டினார்கள். விளம்பரக்காரர்களுக்கு நேரலைதான் பிடிக்கும், ஓட்டிவிட முடியாதே! முடிவு தெரிந்த ஆட்டமோ மறுநாள் ஆறிப்போன தோசை. என்னைக் கேட்டால், வருடத்துக்கு நாலைந்து பெரிய ஆட்டம் சரி. முழு சீசனையும் வாங்குவது வேண்டாத வேலை.